மைதானத்தில் ஓடும் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?

பிளஸ் டூ தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கும் வாரங்கள் இவை. மன்னார்புரம் நான்குரோட்டிலிருந்து காஜாமலை நோக்கி விடியற்காலையில் நடப்பவர்கள் இந்தப் பிள்ளைகளைப் பார்த்திருப்பார்கள். தோளில் துணிப்பை, பைக்குள் ஒரு ஜோடி ஸ்பைக் ஷூ, காலில் ரப்பர் செருப்பு. அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போகிறவர்கள். பலர் நகரத்தின் அடுக்குமாடி மறுகுடியமர்வு வீடுகளிலிருந்தும், சுற்றுவட்டாரக் கிராமங்களின் காலனித் தெருக்களிலிருந்தும் வருகிறார்கள். (‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து சீக்கிரம் போய்விடும். ஊர்க்காரர்கள் வாயிலிருந்து போக நாளாகும்.)

இந்தப் பிள்ளைகளுக்கு மே மாதம் என்பது பந்தய மாதம். ஆனால் பந்தயம் தடகளப் பாதையில் நடப்பதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம், அதோடு ஒரு விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று வருடப் பயிற்சி. அது கிடைத்தால் கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி என்று ஒரு ஏணி இருக்கிறது. ஏணியின் மேல்படியில் ரயில்வே, காவல்துறை, மின்வாரியம், ராணுவம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பல்கலைக்கழக அணிக்கு ஆடியதற்கான ‘படிவம் 3’ சான்றிதழ் ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை, அந்தச் சான்றிதழோடு வேலைக்குப் போன ஒரே ஒரு அண்ணன் இருக்கும் தெருவில் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கைப்பேசியில் விளம்பரங்கள் வருகின்றன. ‘உங்கள் பிள்ளையின் திறமையை நாடெங்கும் உள்ள கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்க்கட்டும்’ என்ற மாதிரி. ஒரு வீடியோ, ஒரு புகைப்படம், சான்றிதழ்களின் நகல், ஒரு கட்டணம். அவர்கள் ஒரு பக்கம் தயாரித்து இணையத்தில் ஏற்றுவார்கள். பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள். இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரை.

மாநகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கும் ஒரு அம்மா சில வாரங்களுக்கு முன் இதைக் கேட்டுத்தான் வந்தார். மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். மாவட்ட அளவில் முதலிடம், மாநிலப் போட்டியில் இறுதிச்சுற்று வரை. “அக்கா, பன்னெண்டாயிரம் கேக்குறாங்க. கட்டுனா காலேஜுல எடுத்துக்குவாங்களா? தோட்ட வச்சாவது கட்டிடலாம்னு பாக்குறேன்.” கைப்பேசியை நீட்டினார். நிபந்தனைகள் ஆங்கிலத்தில் இருந்தன. நான் தமிழ் படித்தவள். இருந்தாலும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். சேர்க்கைக்கு உத்தரவாதம் இல்லை, பயிற்சியாளர் பதில் அளிப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, கட்டிய பணம் திரும்பாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்ததை நிபந்தனையில் சின்ன எழுத்து மறுத்துக்கொண்டிருந்தது.

கட்ட வேண்டாம் என்றேன். ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்வது எளிது. அந்த அம்மாவின் அடுத்த கேள்விக்குத்தான் பதில் வேண்டும். “அப்ப எம்பொண்ணு ஓடுறத காலேஜுக்காரங்க எப்பிடிக்கா பாப்பாங்க?”

இடம் எப்படி நிரம்புகிறது

வெளியே சொல்லப்படுவது ஒன்று: கல்லூரிகள் தகுதித் தேர்வு நடத்துகின்றன, சிறந்தவர்கள் எடுக்கப்படுகிறார்கள். நடப்பது பெரும்பாலும் வேறு. ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநருக்கு ஜூன் மாதத்துக்குள் அணி வேண்டும். தொடரோட்டத்துக்கு ஒரு ஆள் குறைகிறது, கபடிக்கு ஒரு ரைடர் வேண்டும். அவர் தனக்குத் தெரிந்த பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் கிளப் பயிற்சியாளர்களுக்கும் போன் போடுகிறார். அவர்களில் பாதிப் பேர் அவரோடு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.விலோ காரைக்குடி அழகப்பாவிலோ உடற்கல்வி படித்தவர்களாக இருப்பார்கள். ‘உங்கிட்ட யாராவது இருக்காங்களா?’ இந்த ஒரு கேள்வியில் இடம் நிரம்பிவிடும். தகுதித் தேர்வு தேதி கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்போது பட்டியல் ஏறக்குறைய முடிந்திருக்கும்.

இதில் திட்டமிட்ட தீண்டாமை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பல இயக்குநர்கள் தங்கள் சொந்தக் காசில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கித் தருகிறவர்கள்; திருச்சியிலேயே அப்படிப்பட்டவர்களை அறிவேன். ஆனால் அறிமுகம் என்பது நம் சமூகத்தில் சாதியின் வழியாகவே ஓடுகிறது. யாருடைய கல்யாணத்தில் யார் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பதை வைத்துத்தான் யாருடைய எண் யாருடைய போனில் இருக்கிறது என்பது முடிவாகிறது. அந்த வலைக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு இயக்குநரின் எண் தெரியாது. அவள் பள்ளியில் முழுநேர உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி. 2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், இசை போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. பின்னர் அது 12,500 ரூபாயாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடாவருடம் சென்னையில் போராடுகிறார்கள், கைதாகிறார்கள், மாலையில் விடுவிக்கப்படுகிறார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு ‘கோச்’ என்று இருப்பவர் இந்த ஆசிரியர்தான். அவருக்கே நாளை வேலை இருக்குமா என்று தெரியாதபோது, எந்தக் கல்லூரி இயக்குநருக்கு அவர் உரிமையோடு போன் போடுவார்?

இந்த இடைவெளியைத்தான் இணைய சேவைக்காரர்கள் மோப்பம் பிடித்திருக்கிறார்கள். தேவை உண்மையானது. அதற்கு அவர்கள் விற்கும் மருந்து சரியா என்பதே விவகாரம்.

அமெரிக்காவில் என்ன நடக்கிறது

இந்த வியாபாரம் பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே கல்லூரி விளையாட்டு என்பது பெரும் தொழில். என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கீழ் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் விளையாடுகிறார்கள். மேல்நிலைப் பள்ளிகளில் விளையாடுகிறவர்கள் சுமார் 80 லட்சம். அவர்களில் கல்லூரியின் விளையாட்டு உதவித்தொகை ஏதாவது பெறுகிறவர்கள் 2 சதவீத அளவுதான். அந்த இரண்டு சதவீதக் கதவின் முன்னால் நிற்கும் கூட்டத்துக்குச் சீட்டு விற்கின்றன இணைய நிறுவனங்கள். சில தொகுப்புகளின் விலை ஆயிரக்கணக்கான டாலர்.

பயனே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. நடுத்தரத் திறன் கொண்ட, யாரும் அறியாத சிற்றூர் மாணவன் ஒருவனுக்குச் சின்னக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் இந்தப் பக்கங்களின் வழியாகக் கிடைத்திருக்கலாம். எந்த வயதில் கடிதம் எழுத வேண்டும், எந்தப் பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லித்தருவதும் உபயோகமே. ஆனால் தடகளம், நீச்சல் போன்ற விளையாட்டுகளில் பயிற்சியாளருக்கு வீடியோகூட இரண்டாம்பட்சம். அவர் பார்ப்பது நேரத்தையும் தூரத்தையும். அவை போட்டி முடிவுகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

டெல்லியில் வளர்ந்த தமிழர் தேஜஸ்வின் சங்கர் 2016 நவம்பரில் கோவையில் நடந்த தேசிய ஜூனியர் தடகளப் போட்டியில் 2.26 மீட்டர் உயரம் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு சேர்ந்தார். 2018லும் 2022லும் அமெரிக்கக் கல்லூரிகளின் சாம்பியன் ஆனார். கோவையில் அவர் தாண்டிய உயரத்தைவிடப் பெரிய விளம்பரம் ஏது? சென்னையிலிருந்து போன குண்டு எறிதல் வீராங்கனை கிருஷ்ணா ஜெயசங்கர் டெக்சாஸிலும் பின்னர் லாஸ் வேகாஸிலும் படித்தார். அவருடைய பெற்றோர் இருவரும் இந்தியக் கூடைப்பந்து அணிக்கு ஆடியவர்கள். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. எந்தக் கதவு எங்கே இருக்கிறது, அதை எப்படித் தட்டுவது என்பதை அறிந்த வீடு என்பதற்காகச் சொல்கிறேன். ஆங்கிலப் பள்ளி, பாஸ்போர்ட், தேர்வுக் கட்டணம், விசா நேர்காணல் என்று வரிசையாக நிற்கும் தடைகளை 12,000 ரூபாய்ப் பக்கம் ஒன்று தாண்டிவிடாது.

அந்த நாட்டில் நடந்த இன்னொரு கூத்தையும் நம் பெற்றோர்கள் அறிய வேண்டும். 2019 மார்ச்சில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை 50 பேர் மீது வழக்குப் போட்டது. பணக்காரப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை விளையாட்டு வீரர்கள் என்று பொய்யாகக் காட்டி, யேல், தெற்கு கலிபோர்னியா போன்ற பல்கலைக்கழகங்களில் சேர்த்திருக்கிறார்கள். படகே ஓட்டாத பெண் துடுப்பு வீராங்கனை ஆனாள். வேறொருவர் உடலில் தங்கள் பிள்ளையின் தலையை ஒட்டிப் புகைப்படம் தயாரித்தார்கள். பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் போனது. சூத்திரதாரி ரிக் சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இட ஒதுக்கீடு தகுதியைக் கெடுக்கிறது என்று நம்மிடம் வகுப்பெடுப்பவர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம். பக்கம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அதைப் பார்க்க வேண்டியவரிடம் கொண்டுசேர்ப்பது பணமாகவோ உறவாகவோ இருக்கும் வரை, ஏழைப் பிள்ளையின் பக்கம் கிணற்றில் போட்ட கல்தான்.

சக்கிமங்கலத்துக்கு வந்தவர்

2021 டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடரோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஐந்து பேர் தேர்வானார்கள். ஆண்களில் ஆரோக்கிய ராஜீவ், நாகநாதன் பாண்டி. பெண்களில் ரேவதி, சுபா, தனலட்சுமி. ஐவரில் மூவர் திருச்சி மாவட்டத்துக்காரர்கள். லால்குடி வட்டாரத்தின் ஆரோக்கிய ராஜீவ் ராணுவத்தில் சேர்ந்து 2014 ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றவர். சுபா வெங்கடேசன் 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் கலப்புத் தொடரோட்ட வெள்ளி அணியில் ஓடினார். அதே அணியின் ராஜேஷ் ரமேஷ் திருச்சி ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். குண்டூர் தனலட்சுமி கோ-கோவிலிருந்து ஓட்டத்துக்கு வந்து, 2021 மார்ச்சில் பாட்டியாலாவில் 100 மீட்டரில் டூட்டி சந்தைத் தோற்கடித்தார். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடை பெற்றார். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது மதுரை ரேவதி வீரமணியின் கதை. சக்கிமங்கலம். சிறு வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தவர். கூலி வேலை செய்து பாட்டி வளர்த்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியவரை மதுரைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விடவில்லை. வீட்டைத் தேடி வந்தார். பாட்டி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பேசிச் சம்மதிக்க வைத்தார். பிறகு மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். ரேவதி அங்கிருந்து ரயில்வே வேலைக்கும் டோக்கியோவுக்கும் போனார்.

இதில் கண்ணன் செய்த வேலையைக் கவனியுங்கள். ஓட்டத்தைப் பார்த்தது ஒரு பங்கு. மீதி மூன்று பங்கு, பாட்டியிடம் பேசியதும் கல்லூரியிடம் பேசியதும் கூடவே நின்றதும். ஒரு இணையப் பக்கம் முதல் பங்கை வேண்டுமானால் செய்யலாம். மீதி மூன்றுக்கு ஆள் வேண்டும்.

பார்ப்பதற்கு ஆள் கிடைப்பதே தற்செயலாக இருந்த காலத்திலிருந்து வருகிறவர்கள் நாம். தார்வாடில் பிறந்த பல்வங்கர் பாலு, சாமர் சாதி. புனேயில் வெள்ளையர் கிளப்பின் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரருக்குப் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசப்போய்த்தான் அவர் பந்துவீச்சு வெளியே தெரிந்தது. இந்து அணி அவரைச் சேர்த்தது. மைதானத்தில் பந்தைத் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்குத் தேநீர் வெளியே, மண் கோப்பையில். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100க்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தார். இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசி வரை தரப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது வந்தது.

நூறு வருடம் கழித்து, 2021 ஆகஸ்டில், ஒலிம்பிக் ஹாக்கி அரையிறுதியில் இந்தியப் பெண்கள் அணி அர்ஜென்டினாவிடம் தோற்ற நாளில், ஹரித்வார் அருகே ரோஷ்னாபாதில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் கோல் போட்ட முதல் இந்தியப் பெண் அவர். பிள்ளையின் முகம், தெரு, பள்ளி, பெற்றோர் தொழில் எல்லாவற்றையும் பொதுவெளியில் ஏற்றச் சொல்லும் படிவங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த வீடு நினைவுக்கு வருகிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தகவலைக் கையாள பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அதற்குள் 16 வயதுப் பெண்ணின் ஓட்ட வீடியோ எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று விளம்பரக்காரர் சொல்லமாட்டார்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

அந்த 400 மீட்டர்காரப் பெண்ணுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் சான்றிதழ்கள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம், பாரதியார் தின விழா, குடியரசு தின விழா என்று வரிசைப்படுத்தினோம். தனியார் கோப்பை ஒன்றின் சான்றிதழ் பளபளவென்று பொன் எழுத்தில் இருந்தது. அங்கீகாரம் இல்லாத சங்கம் நடத்தியது. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். அவளுக்கு அதில்தான் பெருமை. என்ன செய்வது?

அடுத்து நேரம். நம் பள்ளி மைதானங்களில் கைக்கடிகாரத்தில் அளக்கிறார்கள். கையால் அளந்தால் விசில் சத்தம் கேட்டு விரல் அமுங்குவதற்குள் ஒரு நொடியின் பின்னம் ஓடிவிடும். அதனால் மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 100, 200 மீட்டருக்கு 0.24 நொடியும் 400 மீட்டருக்கு 0.14 நொடியும் கூட்டிக்கொள்வது தடகளத்தில் வழக்கம். கல்லூரி இயக்குநர்களுக்கு இது தெரியும். மின்னணு நேரம் அளந்த ஒரே ஒரு போட்டியின் முடிவுத்தாள், கையால் அளந்த பத்துச் சான்றிதழுக்குச் சமம். அவளுக்கு மாநிலப் போட்டியில் அப்படி ஒன்று இருந்தது. அதைத்தான் மேலே வைத்தோம்.

வீடியோ ஒன்றும் எடுத்தோம். பாட்டு இல்லை, மெதுவாக ஓட்டும் காட்சி இல்லை. தொடக்கம் முதல் முடிவுக்கோடு வரை ஒரே ஓட்டம். யூடியூபில், இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி ஏற்றினோம். கபடி, கால்பந்து, கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு வீடியோ இன்னும் அவசியம். அங்கே நேரம் என்ற சாட்சி கிடையாது. அப்போதும் முதல் ஒரு நிமிடத்துக்குள் பிள்ளை என்ன செய்வாள் என்பது தெரிந்துவிட வேண்டும். பல கல்லூரிகளின் இணையதளத்தில் உடற்கல்வித் துறையின் மின்னஞ்சல் இருக்கிறது. பள்ளியின் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் ஒரு பக்கக் கடிதம் எழுதினார். எழுதும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது. ‘என் கடிதத்துக்கு மதிப்பு இருக்குமா’ என்றார். ஐந்து கல்லூரிகளுக்கு அனுப்பினோம். மூன்றில் பதிலே இல்லை. ஒன்றில் இடம் முடிந்துவிட்டது என்றார்கள், ஏப்ரல் மாதமே! ஒன்று தகுதித் தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறது. மொத்தச் செலவு நகல் எடுத்த காசு.

அரசு கலைக் கல்லூரிகளுக்குத் தனி வழி இருக்கிறது. இணையவழி விண்ணப்பத்தில் அண்மை ஆண்டுகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். விளையாட்டு உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு முதலிலேயே நடந்து முடிந்துவிடும். பொதுக் கலந்தாய்வு வரும்வரை காத்திருந்து இடத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்திலேயே விளையாட்டுப் பிரிவைக் குறிக்க மறக்காதீர்கள்.

இன்னும் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பிலும் சேரலாம். 9 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய ‘கீர்த்தி’ திறன் தேடல் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் பதிவும் இணையவழிதான். இவை எதற்கும் இடைத்தரகர் தேவையில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. வரும் ஒரு போன் தேவை. அந்தப் போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். இதைத் திட்டம் போடுகிறவர்கள் அறிந்தபாடில்லை.

கல்லூரிகளிடம் கேட்பது

கூடச் சேர்ந்து நிற்பவர்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை கண்ணகி நகர் அண்மைச் சாட்சி. நகரத்தின் குடிசைகளைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் கொட்டிய அந்தக் குடியிருப்பிலிருந்து கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த இளையோர் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியின் துணைத் தலைவியாக ஆடினார். அரசு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. வென்ற பிறகு கொடுக்கும் கோடிகளையும் லட்சங்களையும் நான் குறைசொல்லவில்லை. வெல்வதற்கு நான்கு வருடம் முன்னால் ஒரு கல்லூரி வாசலில் நிற்கிறாளே, அப்போது கொடுக்க வேண்டியது இரண்டு தாள் தகவல்தான். அதைக் கேட்கிறோம்.

திருச்சியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஜமால் முகமது கல்லூரியும் பெரியார் அரசுக் கல்லூரியும் மன்னார்புரத்திலிருந்து கூப்பிடு தூரம். கொஞ்சம் தள்ளினால் தூய வளனார், பிஷப் ஹீபர், தேசியக் கல்லூரி. அரசு, அரசு உதவி பெறும், சுயநிதி என்ற வேறுபாடு இல்லாமல் ஒவ்வொரு கல்லூரியும் இந்த ஆண்டு எந்தெந்த விளையாட்டில் எத்தனை இடம், தகுதித் தேர்வு எந்தத் தேதி, எந்த மைதானம், என்ன அளவுகோல் என்பதைத் தமிழில் வெளியிட வேண்டும். தேர்வு முடிந்ததும் தேர்வானவர்களின் நேரமும் தூரமும் மதிப்பெண்ணும் ஒட்டப்பட வேண்டும். ஒரு பிள்ளை தான் ஏன் விடுபட்டாள் என்பதைத் தானே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். பாரதிதாசன் பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இதில் பாதி நடந்துவிடும்.

ஆதிதிராவிடர் நல விடுதிகள் 2025 ஜூலையிலிருந்து ‘சமூகநீதி விடுதிகள்’ ஆகியிருக்கின்றன. பெயர்ப்பலகை மாறிய அந்த விடுதிகளின் சுவரில் இந்தத் தேதிகளை ஒட்ட ஒரு காப்பாளருக்கு ஐந்து நிமிடம் போதும். விடுதியில் இருந்துகொண்டு விளையாடும் மாணவர்கள் காலைப் பயிற்சிக்குப் போய் வரும்போது சிற்றுண்டி தீர்ந்துபோயிருக்கிறது என்ற புகாரும் நீண்ட நாளாக இருக்கிறது. ஒரு தட்டு எடுத்துவைக்கச் சொல்லி எழுத்துபூர்வமாக உத்தரவு வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி, ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டால் மனுவுக்குக் கனம் கூடும். வேலைக்குப் பயந்து கையெழுத்து வேண்டாம் என்பவர்கள், உங்கள் பள்ளியில் ஓடுகிற, தாண்டுகிற, எறிகிற பிள்ளைகளின் நேரத்தையும் தூரத்தையும் மட்டும் எழுதிக் கொடுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அண்ணா விளையாட்டரங்க வாசலில் இருப்போம்.